பரிபூரணம் வீட்டு டிவி

டிவிக்குப் போன் பண்ணிப் பாட்டுக் கேட்கிற ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்கவே மாட்டார்கள். திரையில் பெரிதாக எழுதிப் போட்டாலும் சரி, தொகுப்பாளினி வாய் வலிக்கக் கெஞ்சினாலும் சரி. "குறைச்சாச்சும்மா" என்று ஒரே போடாகப் போடுவார்கள். அவள் பேசியது அவளுக்கே திரும்பி வரும், ஸ்பீக்கர் ஊளையிடும், திட்டு எனக்கு விழும். மலையோரம் டிவியின் சவுண்டு ஆள் நான்தான். எடிட்டிங்கும் நானே. ஆரம்பத்தில் கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்ததும் நானே. பெயர் பாண்டிதுரை.

மலையோரம் டிவி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராஜபாளையத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கேமராவும் பச்சைத் துணியும். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் நானும் என் பெட்டிகளும். நாய்க்குட்டி விற்பனை, காதுகுத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காலை பதினோரு மணிக்கு நேரலையில் நேயர் விருப்பம். நேயர் விருப்பத்தை முதல் நாளிலிருந்து நடத்துகிறவள் வைஜயந்தி. என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்காக அவள் அப்பா சடகோபன் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மகளைத் தினமும் பதினோரு மணிக்கு டிவியில் பார்த்துவிடுவாராம். மாமனாருக்கு நான் செய்த ஒரே உபகாரம், அவர் வீட்டில் படம் தெளிவாகத் தெரிய ஏற்பாடு செய்ததுதான்.

சேனல் தொடங்கியது ஒரு நவம்பர் ஒன்பதாம் தேதி. மற்ற நாள் பதிவுகளை அழித்துவிடுவோம், சேர்த்துவைக்க இடம் கிடையாது. நவம்பர் ஒன்பது நிகழ்ச்சி மட்டும் முதலாளி வேல்சாமி உத்தரவுப்படி பத்திரமாக இருக்கும். இந்த வருடம் அக்டோபர் கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏலே பாண்டி, ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இருந்து போன வருசம் வரைக்கும் பத்து நவம்பர் ஒம்பதையும் கோத்து ஒரு ப்ரோக்ராம் பண்ணுலே. அன்னைக்கு நாட்டுல என்ன நடந்துச்சு, சனம் என்ன பாட்டுக் கேட்டுச்சு, எல்லாம் வரணும். சும்மா கலக்கணும்."

நல்ல யோசனைதான். உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. 2015இல் மறுநாள் தீபாவளி. வைஜயந்தி மஞ்சள் பட்டில், பாதி எடையில், வேட்டுச் சத்தத்துக்கு நடுவே பேசுகிறாள். 2016இல் முந்தின நாள் இரவுதான் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். போன் பண்ணிய யாருக்கும் பாட்டில் புத்தி இல்லை, பெட்டிக்குள் இருக்கும் நோட்டை என்ன செய்வது என்று அவளிடம் கேட்கிறார்கள், அவள் ஏதோ பேங்க் மேனேஜர் மாதிரி. 2017இல் மாநிலம் முழுக்க வருமான வரிச் சோதனை. 2018இல் தீபாவளிக்கு வந்த படத்தில் சில காட்சிகளை வெட்டச் சொல்லித் தகராறு. 2019இல் பெரிய தீர்ப்பு வந்த நாள், பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போலீஸ். 2020இல் மூடிக் கிடந்த தியேட்டர்கள் மறுநாள் திறக்கப் போகின்றன, அவள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் மனுஷர்களின் ரசனை போன போக்கும் தெரிந்தது. முதலில் காதல் பாட்டு, அப்புறம் குத்துப் பாட்டு, அப்புறம் "அந்த ரீல்ஸ்ல வருமே, அது" என்று பெயர் தெரியாத பாட்டு.

மாறாத ஒன்றும் இருந்தது. வருடா வருடம் ஒரு பெண் பேசியிருந்தாள்.

"செண்பகத்தோப்புல இருந்து பரிபூரணம் பேசுதேன்ம்மா. எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரு பழைய பாட்டுப் போடுங்க."

"டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்கம்மா" என்பாள் வைஜயந்தி.

"அவிய பாத்துக்கிட்டு இருக்காவம்மா. குறைச்சா ஏசுவாவ."

பத்து வருடமும் இதே பேச்சு. நேரலையில் என் விரல் தானாக அந்த அழைப்பின் சத்தத்தை இறக்கிவிடும் என்பதால் பின்னால் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் போன் லைன் தனியாக முழுச் சத்தத்தில் பதிவாகும், எடிட்டிங்கில் அப்படி விட முடியாது. டிவி இரைச்சலைப் பிரித்து எடுத்துவிட்டு அவள் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று 2015 பதிவை எடுத்தேன். பிரித்த இரைச்சலை எறிவதற்கு முன்னால் சும்மா ஒருதரம் ஓடவிட்டேன்.

எங்கள் நிகழ்ச்சிதான். வைஜயந்தி குரல்தான். ஆனால் அவள் சொல்லிக்கொண்டிருந்தது: "பேங்க் எல்லாம் இன்னைக்கு லீவு, யாரும் போய் நிக்காதீங்க. ஐந்நூறு ரூபாய் நோட்டை வச்சுக்கிட்டு யாரும் பயப்பட வேண்டாம்." அடுத்து ஒரு இருமல்.

ஃபைலை மாற்றி எடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இல்லை. திரையில் மஞ்சள் பட்டு. அடியில் ஓடும் எழுத்தில் தீபாவளித் தள்ளுபடி. 2016 பதிவைத் திறந்தேன். அதே வாக்கியம், அதே இடத்தில் அதே இருமல்.

பயந்துபோனேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 2018இல் அந்தப் பெண் பேசும்போது பின்னால், "தீர்ப்பு வந்துருச்சு, எல்லாரும் அமைதியா வீட்டுல இருங்க" என்கிறாள் என் மனைவி. 2019இல், ஊரில் ஒருத்தரும் அந்த நோயின் பெயரைக் கேள்விப்படாத நேரத்தில், "மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசுறதால குரல் மாறித் தெரியும், மன்னிச்சுக்கோங்க. நாளைக்குத் தியேட்டர் திறக்கப் போறாங்களாம்" என்கிறாள். 2022இல், தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகு, "தீபாவளிக்கு இன்னும் மூணே நாள்" என்கிறாள். எல்லாவற்றுக்கும் அடுத்த வருடத்துப் பதிவில் அச்சு மாறாமல் ஜோடி இருந்தது. பரிபூரணம் வீட்டு டிவியில் எப்போதும் அடுத்த வருடத்து நவம்பர் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் போன வருடத்து அழைப்பில் ஓடியிருப்பது இந்த வருடத்து நிகழ்ச்சி. இன்னும் நடக்காதது. வேண்டாம் என்று மனது அடித்துக்கொண்டது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதல்முறையாக அதில் வைஜயந்தியின் குரல் இல்லை. எங்கள் செய்தி வாசிப்பாளர் மாரிச்செல்வியின் குரல். "இத்தனை வருசமா வைஜயந்தி அக்கா உக்காந்திருந்த இடத்துல இன்னைக்கு நான் உக்காந்திருக்கேன். இந்த நிகழ்ச்சி முழுசும் அக்காவுக்குச் சமர்ப்பணம்." அதோடு அவள் குரல் உடைந்து, தொண்டை அடைத்து, பேச முடியாமல் நிற்கிறது. பாட்டுத் தொடங்கிவிட்டது.

முதலாளியின் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் செண்பகத்தோப்புக்குப் போனேன். வனத்துறை செக்போஸ்டில் இருந்தவர் பரிபூரணம் என்ற பெயரை இரண்டு முறை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இங்க இருக்கது விரல் விட்டு எண்ணுத குடும்பம் அண்ணாச்சி. அப்படி ஒரு பேரு இல்ல." அவர் சொல்லாமலே எனக்கு ஒன்று தெரியும். எங்கள் ஒயர் மம்சாபுரத்தோடு நின்றுவிட்டது. செண்பகத்தோப்பில் எந்த வீட்டிலும் மலையோரம் டிவி தெரியாது. இழுத்தவன் நான். இத்தனை வருடமும் இது எனக்கு உறைக்கவே இல்லை. செண்பகத்தோப்பு என்றால் செண்பகத்தோப்பு, அடுத்த நேயர் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

வைஜயந்தியிடம் மறைக்க என்னால் முடியவில்லை. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் காலையில் பஸ்ஸில் முன்னால் போய்விடுவேன், அவள் பிறகு ஸ்கூட்டியில் லாரிகளுக்கு நடுவே வருவாள். அன்று சாயங்காலம் அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்ன என்று கேட்டாள். லேப்டாப்பைத் திறந்து வரிசையாகக் காட்டினேன்.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. மாரிச்செல்வி குரல் உடைந்து நின்ற இடத்தை மூன்று தரம் போடச் சொன்னாள்.

"ஏங்க, நான் இருக்க மாட்டேனா?"

"ஏட்டி, பேசாம இரு" என்றேன். ஏட்டி என்று கூப்பிட்டால் வழக்கமாகச் சண்டைக்கு வருவாள். அன்று வரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் இல்லாத வீட்டைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட முடியவில்லை.

அந்த வாரம் அவளைப் படி இறங்க விடவில்லை. வீட்டுக்கு வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஒன்றும் இல்லை என்றார். அவள் அம்மா காஞ்சனா கோவிலுக்குத் தினமும் துளசி மாலை கொடுத்தார். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்த வைஜயந்தி, ஈரத் துண்டோடு என் முன்னால் நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"ஜாதகத்துல ரெண்டு தாரம்னு இருந்தா என்ன பண்றா? முதல்ல வாழை மரத்துக்குத் தாலியைக் கட்டி மரத்தை வெட்டிப் போட்டுடறா. ஒரு தாரம் போயாச்சு, ஜாதகம் சொன்னது நடந்தாச்சு. அப்புறம் நிஜக் கல்யாணம். அதையே நாமளும் பண்ணினா என்ன?"

"என்ன சொல்லுத, புரியலையே."

"அந்த ப்ரோக்ராம் நடந்துதானே தீரணும்? நடத்திடுவோம். மாரிச்செல்வியை என் நாற்காலில உக்கார வச்சு, அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லுவோம். நான் செத்திருக்கணும்னு அதுல எங்க இருக்கு? நான் உங்க பக்கத்துல, கண்ணாடிக்கு இந்தண்டை உக்காந்துக்கறேன்."

எனக்கு இவளைக் கட்டிக்கொண்டது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது தோன்றியது. விதியையே டப்பிங் தியேட்டருக்கு இழுத்துவிட்டாளே.

முதலாளியிடம் வைஜயந்திக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னோம். மாரிச்செல்வியிடம் மட்டும் பாதியைச் சொன்னோம், மீதியை அவள் நம்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் என்னைய வச்சுப் பிராங்க் பண்ணுதீய, எனக்குத் தெரியும்" என்றாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

நவம்பர் ஒன்பது வந்தது. ஞாயிற்றுக்கிழமை. இருவரும் பஸ்ஸிலேயே போனோம். அவள் கையை நான் விடவே இல்லை, கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மாரிச்செல்வி வணக்கம் சொன்னாள். வைஜயந்தி என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இத்தனை வருசமா வைஜயந்தி அக்கா உக்காந்திருந்த இடத்துல இன்னைக்கு நான் உக்காந்திருக்கேன்" என்றாள் மாரிச்செல்வி, செத்த வீட்டு முகத்தோடு. "இந்த நிகழ்ச்சி முழுசும் அக்காவுக்குச் சமர்ப்பணம்." அந்த நேரம் பார்த்து வைஜயந்திக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடிக்குப் பின்னால் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டினாள். மாரிச்செல்விக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. கேமரா முன்னால் சிரிக்கக் கூடாதே. அடக்கினாள். குரல் உடைந்து, தொண்டை அடைத்து, பேச முடியாமல் நின்றாள். நான் அவசரமாகப் பாட்டைப் போட்டேன்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வாரமாக எங்கள் உயிரைக் குடித்த அழுகை கடைசியில் வெறும் சிரிப்பு! வைஜயந்தி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இத்தனை லேசாக என் உடம்பு என்றைக்கும் இருந்ததில்லை. முடிந்தது, தாண்டிவிட்டோம் என்று அவள் காதில் சொன்னேன்.

நான்கைந்து பேர் பேசி முடித்த பிறகு போன் அடித்தது.

"செண்பகத்தோப்புல இருந்து பரிபூரணம் பேசுதேன்ம்மா."

மாரிச்செல்வி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, பிராங்க் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். ஆனாலும் வேலையை விடவில்லை. "டிவி சத்தத்தைக் குறைச்சுக்கோங்கம்மா" என்றாள்.

"அவிய பாத்துக்கிட்டு இருக்காவம்மா. குறைச்சா ஏசுவாவ."

இந்தத் தடவை நான் சத்தத்தை முழுக்க இறக்கவில்லை. ஒலிபரப்பில் மட்டும் இறக்கிவிட்டு, ஹெட்போனில் முழுசாக ஏற்றினேன். அதன் ஒரு காதை வைஜயந்தி பக்கம் திருப்பினேன். தலையோடு தலை ஒட்டிக் கேட்டோம். இரைச்சல். அதற்குள்ளிருந்து, "அன்பு நேயர்களுக்கு வணக்கம், நான் உங்கள் வைஜயந்தி" என்று ஒரு குரல்.

"நான்தான்! ஏங்க, நான்தான்!" என்று கத்திவிட்டாள். அடுத்த நவம்பர் ஒன்பதிலும் அவள் இருக்கிறாள், அதே நாற்காலியில் இருக்கிறாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். என் வாழ்நாளில் எந்தத் தெய்வத்துக்கும் நான் அப்படிக் கைகூப்பியதில்லை. "அம்மாவுக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

ஹெட்போன் என் காதிலேயே இருந்தது. பரிபூரணம் பழைய பாட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் வைஜயந்தி பேசிக்கொண்டே இருந்தாள்.

"பதினோராவது ஆண்டுவிழா. எப்பவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்துக்கிட்டிருந்தவர், என் வீட்டுக்காரர் பாண்டிதுரை, இல்லாம நான் பண்ற முதல் ஆண்டுவிழா. நீங்க டிவி சத்தத்தைக் குறைக்கலைன்னா தலையில அடிச்சுக்க இப்போ இங்க ஆள் இல்ல. அதனால சத்தமாவே வச்சுக்கோங்க. எங்க இருந்தாலும் அவருக்குக் கேக்கட்டும்."

அத்தோடு அவள் குரல் உடைந்து நின்றது.

பாட்டைப் போட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் துண்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உடைகிற குரல் சிரிப்பாகவும் இருக்கலாம் என்று சற்று முன்தான் கண்ணால் பார்த்திருக்கிறேன் அல்லவா? அடுத்த வருடம் நான் இதே இடத்தில் உட்கார்ந்து அவளுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் தேடினேன். மூக்கில் லேசாக ஒரு சிரிப்பு, உதடு பிரிகிற சத்தம், ஏதாவது ஒன்று. பாட்டு முடிகிற வரைக்கும் தேடினேன்.

வைஜயந்திக்கு நடிக்க வராது. சந்தோஷத்தையும் கோபத்தையும் அப்படியே கொட்டுகிறவள். அவள் சிரிப்பை எத்தனையோ விதத்தில் கேட்டிருக்கிறேன், காதில் மாட்டிக்கொண்டு கேட்பதுதானே என் பிழைப்பு. இந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவள் அப்பா இறந்துபோனதைப் போனில் எனக்குச் சொன்னபோது.

சொல்லிவிடலாம். சொன்னால் இதற்கும் ஒரு நாடகம் போட யோசனை சொல்வாள். ஆனால் நாடகத்தில் இந்தக் குரல் வராது. ஒரு வருடம் பூராவும் என்னைப் படி இறங்க விட மாட்டாள், நாடி பார்க்கச் சொல்வாள், இரவில் எழுந்து என் மூச்சைக் கேட்பாள். ஒரு வாரம் நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். அந்த வாரத்தை அவளுக்கு ஒரு வருடமாக நீட்டிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பொட்டு அழிந்திருந்தது.

"அம்மா அழறா. அப்புறம் என்னங்க பேசினேன் நான்? மிச்சத்தைக் கேட்டேளா?"

"வழக்கம்போல ஆண்டுவிழா பேச்சுதான். பாட்டு வந்துருச்சு, சரியாக் கேக்கல." அதற்குள் அந்தத் துண்டை அழித்திருந்தேன். இந்த வருடத்து நவம்பர் ஒன்பது பதிவில் பரிபூரணத்தின் அழைப்பு மட்டும் இருக்காது.

"நன்னாப் பேசினேனா?"

"ரொம்ப நல்லாப் பேசுனே."

"இனிமே இந்த ப்ரோக்ராமை எவளுக்கும் விட்டுத் தர மாட்டேன், சொல்லிட்டேன். அடுத்த வருஷம் நான்தான்."

"நீதான் பண்ணணும் வைஜி" என்று சொல்லிவிட்டு, அடுத்த நேயருக்குப் போனை எடுத்தேன்.